மறுப்பவர் யார்? – நீரிழிவையும் நமது சிரிப்பையும் முன்வைத்து

சென்ற குளிர்காலத்தில் ஏற்காட்டில் நாங்கள் நடத்திய இரண்டு நாள் வாசிப்பு முகாமைப் பற்றி வழக்கம்போல் ஓர் அறிக்கை எழுதுவதாகத்தான் இருந்தோம். எந்தெந்தக் கதைகள் பேசப்பட்டன, யார் யாரோடு முரண்பட்டார்கள், சேர்வராயன் கோயில் வரை நடந்தே போய் வந்தவர்கள் எத்தனை பேர் என்பன போன்ற தகவல்களோடு. அந்த அறிக்கை எழுதப்படவேயில்லை. இரண்டாம் நாள் முற்பகலில் எழுந்த ஒரு சிரிப்பு எங்களை எழுதவிடாமல் தடுத்துக்கொண்டே இருந்தது. அந்தச் சிரிப்பில் நாங்களும் கலந்துகொண்டோம். எனவே இக்கட்டுரை பிறர்மீதான கண்டனமாக மட்டும் இருக்க இயலாது.

நடந்தது இதுதான். ‘இலக்கியத்தில் நோய்’ என்பது அன்றைய அமர்வின் தலைப்பு. மருத்துவத் துறையில் இருப்பவரும் தேர்ந்த வாசகருமான நண்பர் ஒருவர் பேசினார். காசநோய், தொழுநோய், புற்றுநோய் என்று விரிந்த பேச்சு நீரிழிவுக்கு வந்து சேர்ந்தபோது அவர் சொன்னார்: “வெகுதூரம் போக வேண்டாம், இந்த மலையிலேயே பாருங்கள். பரிசோதனைத் தாளைக் கையில் கொடுத்தாலும் எனக்குச் சர்க்கரையெல்லாம் கிடையாது என்பார்கள். மாத்திரையை வாங்கி வைத்துக்கொள்வார்கள், விழுங்கமாட்டார்கள். பிராய்டு சொன்ன டினயலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.” அவை சிரித்தது. சற்று நேரத்தில் காப்பி வந்தது. சிரித்தவர்களில் இருவர் பரிமாறியவரிடம் “நமக்கு லேசான சுகர்தான், அரைக்கரண்டி போட்டால் போதும்” என்றார்கள். இதற்கு எவரும் சிரிக்கவில்லை.

ஒரே அரை மணி நேரத்துக்குள் இரண்டு மறுப்புகள் எங்கள் முன் வந்தன. ஒன்றுக்கு மனோவியல் பெயர் சூட்டப்பட்டது. மற்றொன்று காப்பி நாகரிகமாகக் கடந்துபோயிற்று. மலையில் வாழ்பவர் மறுத்தால் அது அறியாமை. நகரத்திலிருந்து வந்தவர் மறுத்தால் அது ‘லேசான சுகர்’. இந்தப் பாகுபாட்டை எங்களுக்குள் வைத்துக்கொண்டு இலக்கியம் மனிதர்களை நுட்பமாகப் புரிந்துகொள்ள உதவுகிறது என்று இனியும் மேடையில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்பதே எங்கள் முன் உள்ள கேள்வி.

*

அன்று மதியம் சமையற்கட்டில் உதவிக்கு இருந்த அம்மாளோடு எங்களில் சிலர் பேசிக்கொண்டிருந்தோம். அறுபதை நெருங்கும் வயது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தோட்ட வேலை, மற்ற நாட்களில் இப்படிக் கிடைக்கும் வேலை. முற்பகல் பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்கிறது. தமக்கும் ‘அது’ நான்கு வருடமாக இருக்கிறதென்று அவராகவே சொன்னார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா அம்மா என்று கேட்டோம்.

“ஞாயித்துக்கெழம போட்டுக்குவேன் சார். வேலைக்குப் போற அன்னிக்குப் போட மாட்டேன். போட்டா பொழுது ஏற ஏற கை நடுங்கும், வேர்த்து ஊத்தும், கண்ணு இருட்டிக்கிட்டு வரும். சரிவுல நின்னு பழம் பறிக்கிறவ விழுந்தா யாரு தூக்குறது?”

இதை மருத்துவமனையில் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, “சொன்னா திட்டுவாங்க. தினமும் போடறேன்னு சொல்லிருவேன்” என்றார்.

அவர் சொன்னதை ஒரு கவிதையை வாசிக்கும் அளவு கவனத்தோடு வாசித்துப் பார்ப்போம். நீரிழிவுக்குத் தரப்படும் மாத்திரைகளில் சல்ஃபோனைல்யூரியா என்றொரு வகை உண்டு. மலிவானது, வேலை செய்யக்கூடியது, நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருப்பது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பது அதன் வழி. சாப்பிட்டவரா பட்டினி கிடப்பவரா என்று அம்மாத்திரை பார்ப்பதில்லை. விடியற்காலையில் விழுங்கிவிட்டு, உணவு தாமதப்பட, மலைச்சரிவில் உடலுழைப்பில் இருப்பவருக்கு ரத்தச் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கிவிடும். கைநடுக்கம், வேர்வை, கண் இருட்டல் ஆகியவை அதன் பாடப்புத்தக அடையாளங்கள். அவர் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் விவரித்தது இதைத்தான். அந்த அம்மாள் எதையும் மறுக்கவில்லை. தம் உடலைக் கவனித்து, காரணத்தைச் சரியாக ஊகித்து, விழுந்து சாவதைவிட மெல்லக் கெடுவது மேல் என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். மாத்திரையை மாற்றலாம், வேளையை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம் என்ற மூன்றாவது வழியை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லும்படியாக யாரும் அவரைக் கேட்கவுமில்லை.

ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் வெளியிட்ட நூலில் நெருக்கடியை எதிர்கொள்ளும் முறைகளை இரண்டாகப் பகுத்தார்கள். பிரச்சினையையே கையாள முயல்வது ஒன்று. பிரச்சினை எழுப்பும் உணர்ச்சியைக் கையாள்வது மற்றொன்று. ஞாயிற்றுக்கிழமை மாத்திரை முதல் வகையைச் சேர்ந்தது. தவறான தீர்வுதான், ஐயமில்லை. வாரத்துக்கு ஒரு மாத்திரையால் பயனில்லை. ஆனால் அது சிந்தித்து எடுத்த முடிவு. ‘டினயல்’ என்று பெயரிட்ட மறுகணமே அந்தச் சிந்தனை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. மருத்துவமனையில் அவர் சொல்லும் பொய்யும் அவ்வாறே. அது நோயிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளச் சொன்ன பொய்யன்று. திட்டிலிருந்து காத்துக்கொள்ளச் சொன்னது.

*

பிராய்டின் பெயரை இழுத்ததால் அந்தக் கருத்தாக்கத்தின் வரலாற்றையும் சற்றுப் பார்த்துவிட வேண்டும். தற்காப்பு என்ற சொல்லை பிராய்டு 1894ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் பயன்படுத்தினார். அதை ஒரு முழுமையான பட்டியலாக வளர்த்தெடுத்தவர் அவருடைய மகள் அன்னா பிராய்டு. அவரது நூல் வெளிவந்த ஆண்டு 1936. ஒன்றை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தற்காப்பு என்பது நோயாளிகளின் குறைபாடென்று அன்னா கருதவில்லை. தாங்க முடியாத ஒன்றின் முன் எந்த மனமும் செய்யும் வேலை அது. 1977இல் ஜார்ஜ் வேலன்ட் ஒரு படி மேலே சென்று தற்காப்புகளை முதிர்ச்சி வாரியாக அடுக்கினார். மறுப்பும் பழியைப் பிறர்மேல் ஏற்றுதலும் அவ்வடுக்கின் கீழே. நகைச்சுவை, முன்கூட்டித் திட்டமிடல், பிறர்க்கு உதவுதல் ஆகியவை மேலே. தற்காப்பே இல்லாத மனிதர் அந்த அடுக்கில் எங்கும் இல்லை.

மறுப்புகூட எப்போதும் தீங்கானதன்று. மாரடைப்பு நோயாளிகளைக் குறித்து 1987இல் வெளியான ஆய்வொன்றில், அதிகம் மறுத்தவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைவான நாட்களே இருந்தார்கள் என்று கண்டார்கள். ஆனால் வீடு திரும்பிய பின் வந்த ஓராண்டில் அதே மனிதர்கள் மருத்துவ ஆலோசனையைக் குறைவாகப் பின்பற்றி, மீண்டும் அதிக நாட்கள் மருத்துவமனையில் கழித்தார்கள். அபாயத்தின் முதல் நாட்களில் தெப்பமாக இருந்தது கரை சேர்ந்த பிறகு சுமையாகிவிடுகிறது. நீரிழிவின் இக்கட்டு என்னவெனில் அதற்குக் கரை என்பதே இல்லை. அது வாழ்நாள் முழுக்க உடன்வருவது. ஆகவே ‘மறுக்கிறாரா?’ என்று கேட்டு நின்றுவிடுவதில் பொருளில்லை. எதை மறுக்கிறார், எதுவரை, யாரிடம், அது அவருக்கு எதைக் காத்துத் தருகிறது என்று கேட்க வேண்டும். நாவலில் வரும் ஒரு பாத்திரத்திடம் நாம் இக்கேள்விகளைக் கேட்காமல் விடுவதில்லை. வைத்தியசாலையின் வரிசையில் நிற்பவரிடம் மட்டும் கேட்பதில்லை.

*

நோயின் இயல்பையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். பெரும்பாலோர்க்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு ஆண்டுக்கணக்கில் வலியில்லாமல் இருக்கும். கண்ணின் விழித்திரை பழுதுபடும்போதும் தொடக்கத்தில் பார்வை தெளிவாகவே இருக்கும். பாதத்தின் நரம்புகள் கெட்டால் வலி அதிகரிப்பதற்குப் பதிலாகப் பலருக்கு உணர்வே அற்றுப்போகிறது. முள் குத்தினாலும் தெரியாது. சொல்லப்போனால் இந்நோயில் முதலில் மறுப்பது உடல்தான். மனம் பிறகுதான் அதைப் பின்பற்றுகிறது.

ஏற்காட்டு மலைக்கிராமமொன்றில் வளர்ந்த ஒருவருக்கு நோய் என்பது காய்ச்சலாகவும் பாம்புக்கடியாகவும் பிரசவச் சிக்கலாகவும் வந்தது. படுக்கையில் தள்ளுவது நோய். எழுந்து நடமாட விடுவது நோயின்மை. பல தலைமுறை அனுபவம் தந்த அளவுகோல் இது. இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே சேலத்திலிருந்து வரும் ஒரு தாள், ‘நன்றாக நடமாடும் நீ நோயாளி, இனி ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும்’ என்கிறது. அதைச் சந்தேகிப்பது அறிவுள்ள எவரும் செய்யக்கூடியது. சந்தேகத்தைப் போக்கும் கடமை தாளைக் கொடுத்தவருக்கு உண்டு. அதற்கு நேரம் வேண்டும், பொறுமை வேண்டும், கேட்பவரின் மொழி வேண்டும். இவை இல்லாத இடத்தில் ‘மறுப்பு’ என்ற சொல் மிக எளிதாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மொழி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நீரிழிவு என்ற சொல்லில் உள்ள ‘இழிவு’ இறங்குதலைக் குறிப்பது. மலையிலிருந்து அருவி இழிகிறது என்பது பழந்தமிழ் வழக்கு. கிளியூர் அருவியின் முன் நின்று அச்சொல்லை உச்சரித்துப் பார்த்தால் அதன் அழகு விளங்கும். ஆனால் இன்றைய செவிக்கு இழிவு என்றால் கேவலம் ஒன்றுதான். சித்த மருத்துவ நூல்கள் மதுமேகம் என்றும் அழைத்த இந்நோயை நாம் பேச்சில் ‘சுகர்’ ஆக்கிக்கொண்டதற்கு ஆங்கில மோகம் மட்டும் காரணமன்று. சொல்லின் இழிவிலிருந்து தப்பிக்கிறோம். பிறகு சுகரும் போதாமல் ‘லேசா சுகர்’, ‘பார்டர்ல இருக்கு’ என்று மேலும் ஒதுங்குகிறோம்.

*

படித்த வர்க்கத்தின் தற்காப்புகளைத் தனியே பட்டியலிடலாம். எங்கள் குழுவின் உணவு மேசையே அதற்குப் போதுமான களம்.

பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள் மட்டும் பத்தியம் இருந்து நல்ல எண்ணை வாங்கிக்கொள்வது. மருத்துவரையா, சோதனைக் கூடத்தையா, யாரை ஏமாற்றுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை வந்தபின் இவ்வித்தை பலிப்பதில்லை. எனவே அந்தச் சோதனையைத் தவிர்ப்பது. வெள்ளைச் சர்க்கரைதான் விஷம், கருப்பட்டியும் மலைத்தேனும் ‘இயற்கை’ என்று காரணம் கற்பிப்பது. ஏற்காட்டுக் கடைகளில் தேன் புட்டிகளை எங்கள் நண்பர்கள் வாங்கிய ஆர்வத்தை நாங்கள் பார்த்தோம். உடலுக்குள் போனபின் தேனுக்கும் சர்க்கரைக்கும் அவர்கள் நம்பும் அளவு வேறுபாடு இல்லை.

இன்னொன்று சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்ற பெயரும் அதற்கு உண்டு. அந்த இலையை மென்றபின் சர்க்கரையை நாவில் இட்டால் மணலைப் போலிருக்கும். இனிப்புச் சுவை சற்று நேரத்துக்கு மறைந்துவிடும். இது உண்மை, யாரும் செய்து பார்க்கலாம். மூலிகையின் பிற பயன்களை ஆய்வாளர்கள் ஆராயட்டும். மாத்திரையை நிறுத்திவிட்டு அந்த இலையை மட்டும் நம்பியிருப்பவரின் நிலை என்ன? நாக்குக்குத் தெரியவில்லை என்பதால் ரத்தத்தில் சர்க்கரை இல்லாமல் போவதில்லை. படித்தவர்களின் மறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எங்களுக்குக் கிடைக்கவில்லை. இவர்களிடம் நேரமும் பணமும் தகவலும் இருக்கின்றன. பசித்த வயிற்றோடு சரிவில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆயினும் இவர்களை நாம் கேலிப் பொருளாக்குவதில்லை. ‘சாப்பாட்டுப் பிரியர்’ என்று செல்லமாகச் சொல்லிவிடுகிறோம்.

மலைக்காரரின் தட்டுக்கு மட்டும் உபதேசம் தவறுவதில்லை. ஏன் இவ்வளவு சோறு, சாமையும் கேழ்வரகும் எங்கே போயின என்று கேட்கிறோம். எங்கே போயின? 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்குக் காப்பி வந்தது. அடுத்த இரு நூற்றாண்டுகளில் சரிவுகள் தோட்டங்களாயின. சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் படர்ந்த மிளகும் காப்பிச் செடிக்கு நிழலும் துணையுமாயின. நாம் ரசித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் நிலக்காட்சி இது. மலையாளிப் பழங்குடியினர் புன்செய்த் தானியம் விளைவித்த நிலம் சுருங்கியது. கூலி வேலை பெருகியது. கூலிக்காரரின் உலையில் நியாயவிலைக் கடை அரிசி கொதித்தது. 2011 ஜூன் முதல் அது தமிழகத்தில் விலையின்றியே கிடைத்துவருகிறது. பசியைப் போக்கிய அரிசி அது. அதைப் பழிப்பது நன்றிகெட்டதனம். ஆனால் உணவு மாறியது ஒருவருடைய மனக்கட்டுப்பாடு தளர்ந்ததால் அன்று என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். சிறுதானியம் மருந்தாகிவிடாது, அதிலும் மாவுச்சத்து உண்டு. எனினும் தட்டை மாற்றும் பொறுப்பு தட்டின் முன் அமர்ந்தவரோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அத்திட்டம் ஏற்றுக்கொள்கிறது.

*

தற்காப்பு நோயாளிகளுக்கு மட்டும் உரியதா? மருத்துவ அமைப்புக்கும் தற்காப்புகள் உண்டு. ஒரு மருத்துவர் ஒரு நாளில் எண்ணற்றோரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தம் சிகிச்சை பலிக்கவில்லை என்பது எந்த மருத்துவருக்கும் தாங்க இயலாத செய்தி. ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்ற வாக்கியம் அந்தப் பாரத்தை இறக்கிவைக்கிறது. பழியைப் பிறர்மேல் ஏற்றுதல் என்று அன்னா பிராய்டின் பட்டியலில் உள்ளது இதுவே. ‘சுகரைக் கன்ட்ரோலில் வைத்திருக்கிறீர்களா?’ என்ற கேள்வியிலேயே விசாரணைத் தொனி இருக்கிறது. எண் ஏறினால் ஒழுக்கம் தவறியவர், இறங்கினால் நல்ல பிள்ளை.

இதை மருத்துவ உலகின் ஒரு பகுதி உணர்ந்தே இருக்கிறது. நீரிழிவோடு வாழ்வதன் மனச்சோர்வை அளக்க, வில்லியம் பொலன்ஸ்கியும் அவர் குழுவினரும் 1995இல் இருபது கேள்விகள் கொண்ட அளவுகோலொன்றை வெளியிட்டார்கள். நோயின் அன்றாடப் பாரமே ஒருவரைத் தளர்த்திவிடக்கூடும், அது மனச்சிதைவோ சோம்பலோ அன்று என்ற புரிதல் அதன் பின்னால் இருந்தது. 2017இல் அமெரிக்காவின் நீரிழிவு அமைப்புகளும் 2018இல் இங்கிலாந்தின் தேசிய மருத்துவ சேவையும் மருத்துவர்கள் பயன்படுத்தும் சொற்களைக் குறித்தே வழிகாட்டுதல்களை வெளியிட்டன. கட்டுப்பாடு, கீழ்ப்படிதல் போன்ற சொற்கள் நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன என்பது அவற்றின் சாரம். சொல்லின் வன்முறையைப் பற்றி மருத்துவர்கள் எழுதிக்கொண்டிருந்தபோது, சொல்லே தொழிலாகக் கொண்ட நாம் ‘டினயல்’ என்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

தமிழகத்தில் நடந்தவற்றைக் குறைத்து மதிப்பிடுவது எங்கள் நோக்கமன்று. 1948இலேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிய மாநிலம் இது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்த்தது. கூலி நாளை இழந்து மலையிறங்க வேண்டியவருக்கு இது எத்தகைய விடுதலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கையின் முன் இத்தகைய திட்டங்கள் தவிர்க்க முடியாதவை. எங்கள் வாதம் ஒன்றுதான். மாத்திரை வாசல்வரை வந்துவிட்டது. ‘ஏன் விழுங்கவில்லை?’ என்று அதட்டலில்லாமல் கேட்கும் குரலும் அதனோடு வர வேண்டும்.

*

இலக்கியத்துக்கு வருவோம். சூசன் சோன்டாக் 1978இல் நோய்கள்மீது நாம் ஏற்றும் உருவகங்களைப் பற்றி எழுதினார். காசநோய் காதலின், மென்மையின் நோயாகவும், புற்றுநோய் எதிரிப் படையாகவும் ஆக்கப்பட்ட விதத்தை அவர் காட்டினார். நமது பொது மனமும் இதற்கு விலக்கன்று. ‘பாலும் பழமும்’ (1961) காசநோய்க்கும் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) புற்றுநோய்க்கும் நம்மை அழவைத்தன. நீரிழிவுக்கு வாய்த்த உருவகம் எது? மனைவிக்குத் தெரியாமல் லட்டைப் பதுக்கும் தொந்தி வயிற்றுக்காரர். காசநோயாளிக்குக் கண்ணீர், புற்றுநோயாளிக்கு வீரம், நீரிழிவுக்காரருக்குக் கேலி. தன் தின்பண்ட ஆசையால் தானே வரவழைத்துக்கொண்ட நோய் என்ற தீர்ப்பு அக்கேலிக்குள் இருக்கிறது. அத்தீர்ப்புக்கு அஞ்சித்தான் திருமண வயதுப் பெண்ணின் இன்சுலின் ஊசி வீட்டில் ஒளித்துவைக்கப்படுகிறது. ஊசி தேவைப்படும் முதல் வகை நீரிழிவுக்கும் இனிப்புக்கும் தொடர்பில்லை என்பதை யாரும் கேட்கப்போவதில்லை.

எங்கள் குழுவின் தொடக்க ஆண்டுகளில் உடனிருந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முதல் கூட்டங்களில் அவர் பாயசத்தை ஒதுக்கிவைப்பார். ‘கசப்பான எழுத்தாளர்களையே மொழிபெயர்ப்பதால் இனிப்பு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எங்களில் ஒருவர் சொன்ன நகைச்சுவை பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. அவரும் சிரிப்பார். பிறகு எப்போதோ அவர் பாயசத்தை ஒதுக்குவதை நிறுத்திவிட்டார். ‘எல்லாம் நார்மல்’ என்றார். நாங்கள் மகிழ்ந்து இன்னொரு கரண்டி ஊற்றினோம். காலில் இருந்த புண்ணைச் செருப்புக்கடி என்றார். வலியில்லை என்றார், உண்மையிலேயே அவருக்கு வலித்திருக்காது. முதலில் இரண்டு விரல்கள், பின்னர் முழங்காலுக்குக் கீழே. இன்று அவர் இல்லை. அவர் மறுத்தார் என்பதில் ஐயமில்லை. அந்த மறுப்பை எங்கள் பந்தியில்தான் அவர் பழகினார்.

வேலன்டின் அடுக்கில் நகைச்சுவை மேல்தட்டில் இருக்கிறது என்றோம். தன் துயரத்தைத் தானே பார்த்துச் சிரிப்பவரின் நகைச்சுவை அது. எங்களுடையது வேறு. நோயின் அச்சத்திலிருந்து எங்களைக் காத்துக்கொள்ள அவரைச் சிரிப்புக்குள்ளாக்கினோம். நாற்பதைக் கடந்த எங்களில் பலர் இன்னும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை என்ற தகவலையும் இங்கே சேர்த்துவிடுவது நேர்மையாக இருக்கும்.

*

மறுப்புக்குப் பரிந்துபேசி மனிதர்களைச் சாகவிடுகிறீர்கள் என்ற எதிர்வாதம் வரும் என்று தெரியும். இல்லை. ரத்தச் சர்க்கரையை நெறிப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் காக்கப்படும் என்பதை 1993இலும் 1998இலும் வெளியான பெரும் ஆய்வுகள் நிறுவிவிட்டன. அதில் எங்களுக்கு விவாதமில்லை. மாத்திரை வேண்டும், ஊசி தேவையெனில் ஊசி வேண்டும், பாதத்தை அன்றாடம் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுப்பை விட்டு ஒருவர் வெளியே வர வேண்டுமென்றால் வெளியே அவருக்கு நிற்க இடம் இருக்க வேண்டும் என்பதே நாங்கள் சொல்வது. வெளியே காத்திருப்பது அதட்டலும் கேலியும் என்றால் உள்ளேயே இருப்பதுதான் எவருக்கும் தோன்றும்.

நண்பருக்கும் இதைத்தான் எழுதினோம். ‘தினமும் போடுகிறீர்களா?’ என்று கேட்டால் ஆம் என்ற பதில்தான் வரும். ‘இந்த வாரம் எத்தனை நாள் விட்டுப்போயிற்று, எதனால்?’ என்று கேட்டுப் பாருங்கள் என்றோம். அவர் கோபிக்கவில்லை. தம் நோயாளிகளிடம் அப்படிக் கேட்கத் தொடங்கியிருப்பதாகவும், ஒவ்வொருவருக்கும் கூடுதலாக ஆகும் நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று தெரியவில்லையென்றும் பதில் எழுதினார். நியாயமான கவலை. அதற்கு எங்களிடம் விடை இல்லை. அந்த நேரத்தைத் தர வேண்டிய இடம் அவருக்கு மேலே இருக்கிறது.

முகாமின் கடைசி நாள் அந்த அம்மாளைத் தேடிச் சென்று, உங்களுக்கு வேறு மாத்திரை இருக்கக்கூடும், மயக்கம் வருவதை மறைக்காமல் சொல்லுங்கள் என்றோம். “நீங்க சொல்றீங்க சார், அங்க வந்து நீங்களா பேசுவீங்க?” என்றார். எங்களில் ஒருவர் அடுத்த வாரம் மறுபடியும் மலையேறி அவரோடு போய் வந்தார். மாத்திரை மாற்றப்பட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லையாம்.

அடுத்த கூட்டத்தில் சர்க்கரையில்லாத காப்பி தனியாக ஒரு குடுவையில் இருக்கும். யார் எதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்று எவரும் பார்க்கவேண்டியதில்லை. இக்கட்டுரையோடு முரண்படும் நண்பர்கள் எழுதட்டும், வெட்டாமல் வெளியிடுவோம்.